நான்காம் சுவருக்கு அப்பால் ஒரு குசினி

ஒஸ்லோவில் நான் முதலில் கற்ற பாடம், வாயைத் திறந்தால் பல் குளிரும் என்பது. பேசுவதையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டவனுக்கு இதைவிடக் கடுமையான வரவேற்பை ஓர் ஊர் அளிக்க முடியாது. திருச்சியில் கல்லூரிக் காலம் தொட்டு மேடை ஏறி வருகிறேன். எந்தத் தலைப்பாயினும், எந்த அணியாயினும், நின்று வெல்வேன் என்பது என் பெருமை. அந்தப் பெருமையை நம்பித்தான் ஒஸ்லோத் தமிழ் இளைஞர் வட்டம் ஒன்று தன் ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு என்னை அழைத்திருந்தது.

தலைப்பு: "சின்னத்திரை நகைச்சுவைத் தொடர்களின் வீடு, நம் வீட்டுச் சுவர்களைத் தளர்த்தியது நன்மையா? தீமையா?" எனக்குத் தீமை அணி. விமானத்தில் வரும்போதே இருபது உவமைகளைச் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்தத் தொடர்களில் வரும் வீடுகளை நான் ஒருமுறையேனும் உற்றுப் பார்த்ததில்லை என்பது புதன்கிழமை மாலை, மோர்டென்ஸ்ருட் என்ற புறநகரில் ஒரு வரிசை வீட்டின் வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

என்னை விருந்தினனாக ஏற்றவர் யேசுதாசன். நகரப் பேருந்து ஓட்டுநர்; மன்னாரிலிருந்து வந்தவர். அவர் மனைவி செலினா ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். மகள் ஜெசிந்தா இங்கேயே பிறந்து, கட்டடக்கலை படிக்கிறாள்.

"வணக்கம் சார்" என்றேன்.

"அப்பாவைச் சார் எண்டு கூப்பிட்டா, ஆரோ பின்னாலை வாறாங்கள் எண்டு திரும்பிப் பாப்பார்" என்றாள் ஜெசிந்தா. "அண்ணை எண்டு சொல்லுங்கோ."

உள்ளே நுழையுமுன் ஒரு சடங்கு நடந்தது. யேசுதாசன் அண்ணை என் மேலங்கியைக் கழற்றி வாங்கினார். ஜிப் வைத்த துணிப்பை ஒன்றுக்குள் அதை இட்டு, ஜிப்பை மேல்வரை இழுத்து, வாசல் நடையில் இருந்த அலமாரியில் மாட்டி, அலமாரிக் கதவையும் சாத்தினார். அங்கே ஏற்கெனவே நான்கு பைகள் தொங்கின. விமான நிலையத்தில்கூட என் உடைமைக்கு இவ்வளவு பாதுகாப்புக் கிட்டவில்லை.

"இவள் நாலாம் வகுப்பு படிக்கேக்கை, பக்கத்திலை இருந்த பிள்ளை மூக்கைப் பொத்தினதாம்" என்றார் அவர், மகளைக் காட்டி. "ஜக்கெற்றிலை கறி மணம். அண்டைக்கு முடிவெடுத்தனான். எங்கடை வீட்டிலை குசினிக் கதவு திறந்து கிடக்காது."

சமையலறையைக் குசினி என்கிறார்கள். அது கூடத்துக்கு அடுத்தாற்போல், ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தது. அன்றிரவு உணவு அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடி வந்தது: இடியப்பம், சொதி, பொரித்த மீன், கத்தரிக்காய்ப் பால்கறி. செலினா அக்கா வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அண்ணை தம் பேருந்தில் ஒருவர் நாய்க்கு டிக்கெட் கேட்டு அடம்பிடித்த கதையைச் சொல்ல, நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. கரண்டியோடு ஒரு கை. பின்னால் அக்காவின் முகம்.

"என்ன பகிடி?"

"ஒண்டுமில்லை" என்றார் அண்ணை. "மணம் வருது, சாத்தும்."

வேடிக்கையைப் பகிடி என்கிறார்கள். கதவு மூடிக்கொண்டது. நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் மேடைக்காரனின் காது அந்தத் தொனியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

சாப்பிட்ட தட்டை வைக்கக் குசினிக்குள் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டப்பட்ட ஒரு தாள் இருந்தது. கூடத்துக்கும் குசினிக்கும் இடையிலான சுவரை அகற்ற, குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்திடம் அனுமதி கோரும் படிவம் என்றாள் ஜெசிந்தா. திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் வேலையாள் கைநழுவிப் போவார், இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வீட்டுக்குரியவர் இருவரும் ஒப்பமிட வேண்டிய இடத்தில் ஓர் ஒப்பம் மட்டுமே இருந்தது. அது செலினா அக்காவுடையது.

மறுநாள் காலை, ரொட்டியின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி. பால்கோவாவாக ஆசைப்பட்டுப் பாதி வழியில் மனம் மாறியது போன்ற சுவை. மூன்று துண்டு தின்றேன், ஆராய்ச்சிக்காக.

அக்காவோடு குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடை வாசலில் முருங்கைக்காயைக் கண்டபோது, அது என்னைக் கண்டு வெட்கப்பட்டது போலிருந்தது. எங்கள் தெருவில் யாரும் கேளாமல் கொல்லையில் தொங்கும் காய், இங்கே நெகிழித்தாள் சுற்றிப் படுத்திருக்கிறது. பனிக்கட்டி படிந்த நடைபாதையில் நான் இரண்டு முறை விழுந்தேன். இரண்டாம் முறை எழுந்தபோது அக்கா சொன்னார்:

"தம்பி, பென்குவின் மாதிரி நடவுங்கோ. மேடையிலை நடக்கிற மாதிரி நடந்தா இந்த ஊர் விழுத்திப்போடும்."

ஏன் சுவரை உடைக்க விரும்புகிறார் என்று கேட்டேன். தீமை அணிக்குச் செய்தி சேகரிக்கும் நோக்கம்தான். கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்தபடியே சொன்னார்.

"வந்த புதிசிலை எனக்கு நொர்வேஜியனும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. இவர் வேலைக்குப் போனா நானும் கைப்பிள்ளையும்தான். மத்தியானத்திலை ஒரு அமெரிக்கப் பகிடி நாடகம் போகும். கீழை நொர்வேஜியனிலை எழுத்து ஓடும். பேச்சு விளங்காது, எழுத்தும் விளங்காது. ஆனா ஆக்கள் சிரிக்கிற சத்தம் கேக்கும் பாருங்கோ, அப்பதான் 'ஓ, இது பகிடி' எண்டு தெரியும். உடனை அந்தச் சொல்லைக் கொப்பியிலை எழுதுவன். அப்படித்தான் பாஷை படிச்சனான்."

"வீடு?"

"அந்த வீட்டிலை சமைக்கிறவள் எல்லாருக்கும் நடுவிலை நிண்டு சமைக்கிறாள். ஒரு பகிடியும் அவளை விட்டுட்டுப் போகாது."

அவர் நேரே வேலைக்குச் சென்றார். நான் தனியே சுரங்க ரயில் ஏறினேன். எதிர்வாதம் மனத்தில் ஊற்றெடுக்க, உதடசைத்து ஒத்திகை பார்க்கலானேன். கையும் அசைந்திருக்க வேண்டும். எதிரே இருந்தவர் மெல்ல எழுந்து வேறிடம் போனார். திருச்சிப் பேருந்தாயின் இந்நேரம் நால்வர் சூழ்ந்து "எந்த ஊர்த் தம்பி?" என்றிருப்பார்கள். இங்கே மௌனமே பொதுச்சொத்து. முடிவுரையை உச்சத்தில் நிறுத்தியபோது ரயிலும் நின்றது. நகரின் மறுமுனை. திசை மாறி ஏறியிருக்கிறேன். பின்னிருக்கையிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "லுக்க தில்" என்று சொல்லிப் போனார். 'வெற்றி கிட்டட்டும்' என்று அதற்குப் பொருளாம். எதில் வெல்லப் போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா கூடத்துத் தரையில் தாள்களைப் பரப்பினாள். பழைய நகைச்சுவைத் தொடர்களின் வீடுகளை, காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து, அளவுகளை ஊகித்து, வரைபடங்களாக வரைந்திருந்தாள். பல்கலைக்கழகப் பாடத்துக்கான பயிற்சி. நான் மண்டியிட்டேன், ஒரு மணி நேரம் எழவில்லை.

எவ்வளவு விந்தையான கட்டடங்கள்! எல்லா வீட்டிலும் சோபா சுவரோரம் இராமல் நட்டநடுவில் மிதக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு நான்கு பக்கம் இருந்தும் மூன்று பக்கத்திலேயே ஆறு பேர் இடித்துக்கொண்டு உண்கிறார்கள். படிக்கட்டு மேலேறுகிறது, ஆனால் அது சென்று சேரும் இடத்தில், வெளித்தோற்றத்தின்படி, வெறும் வானம். ஓர் அடுக்குமாடி வீட்டில் குசினிச் சன்னல் வழியே தோட்டம் தெரிகிறது. வரைந்து பார்த்தால் அந்தத் தோட்டம் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கை மேல் கிடக்கிறது. இன்னொன்றில் பொதுநடை குளிர்சாதனப் பெட்டியை ஊடறுத்துப் போகிறது.

"குளியலறை எங்கே?" என்றேன்.

"பாதி வீட்டிலை இல்லை அண்ணா. கதையிலை தேவைப்பட்டாத்தான் முளைக்கும்."

"இங்கே ஏன் கோடு இல்லை?" ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு பக்கம் திறந்தே கிடந்தது.

"அதுதான் நாலாவது சுவர். அங்கை சுவருக்குப் பதிலா ஆக்கள் இருக்கினம். கதிரை போட்டு இருந்து, நேராப் பாத்துச் சிரிக்கிற ஆக்கள். கமராவும் அங்கைதான். அதாலைதான் செற்றியும் நடுவிலை. முகங்கள் அந்தப் பக்கம் பாக்கோணும் எல்லே?" சோபாவை இவர்கள் செற்றி என்கிறார்கள். "இன்னொண்டு பாருங்கோ. வாசல் திறந்தா நேரே கூடம். சப்பாத்து வைக்க இடமில்லை, ஜக்கெற் கொழுவ இடமில்லை. இந்த ஊரிலை அப்படி ஒரு வீடு கட்டினா நான் ஃபெயில்."

எனக்கு வேண்டிய அம்பு கிடைத்துவிட்டது. மேலங்கி மாட்ட இடமில்லாத வீடு. மீன் பொரிக்காத குசினி. மணமே இல்லாத வாழ்க்கை! தீமை அணியின் வெற்றி அந்தத் தரையிலேயே உறுதியாயிற்று.

அடுக்கின் அடியில் ஒரு வரைபடம் மட்டும் வேறாக இருந்தது. அதில் நான்கு பக்கமும் கோடு இருந்தது. நடுவில் ஒரு சுவர் மட்டும் புள்ளிகளால் வரையப்பட்டிருந்தது. இடிக்கப்பட வேண்டிய சுவரை அப்படித்தான் குறிப்பார்களாம். நாங்கள் மண்டியிட்டிருந்த வீடுதான் அது.

"அது வெறும் பலகைச் சுவர். ஒண்டையும் தாங்கேல்லை" என்றாள். "அப்பாவுக்கு இன்னும் காட்டேல்லை."

சனிக்கிழமை பிற்பகல், ரொம்மனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அண்ணை, பக்கத்தில் ஜெசிந்தா. செலினா அக்கா மண்டபத்தின் பின்புறச் சமையலறையில் இடைவேளைக்கான ரோல்ஸ் பொரிக்கும் பொறுப்பில் இருந்தார். புகை உணர்கருவி அலறாமலிருக்க அதன் கதவும் சாத்தப்பட்டிருந்தது.

மேடைக்கு ஒரு மரபுண்டு. வெளியூர் சென்றால், தங்கிய வீட்டைப் பற்றி ஒரு நகைச்சுவையோடு தொடங்க வேண்டும். அப்போதுதான் அவை நம்மைத் தன் பிள்ளையாக ஏற்கும். அம்மரபை நான் என்றும் மீறியதில்லை. அன்றும் மீறவில்லை.

"நடுவர் அவர்களே! நான் தங்கியிருக்கும் வீட்டில் மேலங்கிக்கு உறை உண்டு, உறைக்கு அலமாரி உண்டு, அலமாரிக்குக் கதவு உண்டு. ஏன் தெரியுமா? மன்னார் மீன்குழம்பின் மணம் எல்லை தாண்டக் கூடாது! அங்கே கூடத்தில் நாங்கள் சிரிப்போம். உடனே குசினிக் கதவு நான்கு விரல் திறக்கும். ஒரு கரண்டி வரும். கரண்டிக்குப் பின்னால் ஒரு குரல் வரும்..." குரலைச் செலினா அக்காவின் குரலாக மாற்றினேன். கழுத்தைச் சாய்த்தேன். "என்ன பகிடி?"

மண்டபம் அதிர்ந்தது. அந்த நொடியில், பின்புறக் கதவு நான்கு விரல் திறந்தது. கரண்டியோடு ஒரு கை. செலினா அக்கா கதவருகே நின்றவரிடம் கேட்டார்:

"என்ன பகிடி?"

எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டாம் முறை எழுந்த சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அக்காவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்க வேண்டிய அளவுக்கு. பிறகு எண்ணெய் காய்வது நினைவுக்கு வந்து கதவை மூடிக்கொண்டார். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட கைத்தட்டலை நான் பெற்றதில்லை. ஜெசிந்தா மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவற்றை விரிப்பதற்கில்லை. மேலங்கி மாட்ட இடமில்லாத வீடு, வானத்துக்கு ஏறும் படிக்கட்டு, நடுவில் மிதக்கும் சோபா, மூன்று பக்கம் மட்டுமுள்ள மேசை, யாவும் குறி தவறாது பாய்ந்தன. நடுவர் தீமை அணிக்கே தீர்ப்பளித்தார். பொன்னாடை போர்த்தினார்கள்.

காரில் திரும்பும்போது அண்ணை ஸ்டியரிங்கைத் தட்டினார். "தீர்ப்பு வந்திட்டுது! சுவர் இருக்கட்டும் எண்டு சபையே சொல்லிப்போட்டுது. இனி அந்தப் ஃபோர்மைக் கழட்டி எறியலாம்."

பின்னிருக்கையில், ரோல்ஸ் மிஞ்சிய பாத்திரத்தை மடியில் வைத்திருந்த அக்கா கேட்டார்: "தம்பி பேசேக்கை எல்லாரும் அப்படிச் சிரிச்சவை. என்ன பகிடி?"

"ஒண்டுமில்லை" என்றார் அண்ணை.

எந்த மேடையிலும் சொல்லிழக்காதவன், ஒரு காரின் முன்னிருக்கையில், பொன்னாடையோடு வாயடைத்து இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து உறவினர் இரண்டு குடும்பத்தார் மதிய உணவுக்கு வந்தார்கள். ஆறு மேலங்கிகள் உறைகளுக்குள் சென்றன. தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு ஓட்டப்பந்தயம். இந்நாட்டில் அது ஞாயிறு வழிபாட்டின் இரண்டாம் பகுதி. அண்ணை அதில் ஒன்றிவிட்டார். எனக்குச் சோபாவின் நடு இடத்தைக் காட்டினார்கள். நான் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இஞ்சை என்னத்துக்கு? மணம் பிடிக்கும்" என்றார் அக்கா. வாணலியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, நேத்து எல்லாரும் சிரிச்சது உங்களைப் பாத்துதான். நீங்க கதவைத் திறந்து கேக்கறதை நான் மேடையில நடிச்சுக் காட்டினேன். நடிச்சு முடிச்ச நேரம் நீங்களே வந்து கேட்டுட்டீங்க."

அவர் அடுப்பைக் குறைத்தார். "செய்து காட்டுங்கோ."

"வேண்டாங்க்கா."

"அவ்வளவு சனத்துக்குக் காட்டினனீங்கள். எனக்குக் காட்டுங்கோ."

செய்தேன். கழுத்தைச் சாய்த்து, வலக்கையில் கரண்டியை நீட்டி, "என்ன பகிடி?" என்றேன். ஒரேயொருவர் மட்டுமே கொண்ட அவை. யாரும் சிரிக்கவில்லை.

"நான் இடக்கைக்காரி" என்றார் அக்கா. மீனைத் திருப்பிப் போட்டார். "இவ்வளவு வருஷமும் பகிடியெல்லாம் கதவுக்கு அங்காலைதான். நேற்றுத்தான் நான் அதுக்குள்ளை இருந்திருக்கிறன். அதையும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். எதுகையும் மோனையுமின்றி, ஒரே வாக்கியத்தில்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திடீரென்று தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பொன்னாடையாகப் போர்த்தினார். மார்பை நிமிர்த்தினார். இடக்கைக் கரண்டியை ஒலிவாங்கியாக்கி, "நடுவர் அவர்களே!" என்று முழங்கினார். பிறகு ஒரு கையை வீசி, பனியில் சறுக்குவதுபோல் தள்ளாடி, குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்து நின்று, "எந்தத் தலைப்பாயினும் விழாமல் நிற்பேன்!" என்றார். அப்பட்டமாக நானேதான். தண்ணீர் எடுக்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு ஜெசிந்தா வந்தாள். அவளுக்குப் பின் மற்றவர்கள். அக்கா எல்லோருக்குமாக மறுபடி செய்தார். இம்முறை நான் ரயிலில் தனியே கையசைத்துத் தொலைந்து போனதும் (அன்றிரவே வீட்டில் சொல்லியிருந்தேன்) சேர்ந்துகொண்டது. பத்தடிக் குசினியில் ஒன்பது பேர் மூச்சுமுட்டச் சிரித்தோம்.

கதவு நான்கு விரல் திறந்தது. கையில் ரிமோட். பின்னால் அண்ணையின் முகம்.

"என்ன பகிடி?"

அக்கா கரண்டியை வாணலியில் வைத்தார்.

"ஒண்டுமில்லை" என்றார், மெதுவாக. "மணம் வரும், சாத்துங்கோ."

அண்ணை சாத்தவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, கூடத்துப் பக்கம் நின்றார். அவருக்குப் பின்னால் தொலைக்காட்சியில் யாரோ வென்றுவிட்டிருந்தார்கள், ஆரவாரம் கேட்டது. மீன் புகை அவரைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிற்று. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

விருந்தினர் போனபின், ஜெசிந்தா அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். புள்ளிச் சுவரை விரலால் தடவினார்.

"ஜக்கெற்?"

"வாசலுக்கு வெளியிலை ஒரு அலமாரி போட்டிருக்கிறன், அப்பா. புதுசா. இரண்டு கதவு."

"செற்றி? இந்தச் சுவரிலைதானே சாத்தி வைச்சிருக்கு. சுவர் போனா?"

"நடுவிலை வரும்."

நடுவில் மிதக்கும் சோபாவை நேற்று மண்டபத்தில் நானே கேலி செய்திருந்தேன்.

"நடுவிலையோ? அப்ப என்ரை முதுகு எந்தப் பக்கம்?"

"வாசல் பக்கம்."

"முகம்?"

ஜெசிந்தா பென்சிலை எடுத்துச் சிறியதாய் ஓர் அம்புக்குறி போட்டாள். அது அடுப்பின் முன் போய் முடிந்தது.

அண்ணை எழுந்து குசினிக்குள் போனார். காந்தத்தைக் கழற்றும் ஓசை கேட்டது. படிவத்தோடு திரும்பி வந்தவர், மகளின் பென்சிலைத் தள்ளிவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார்.